நாற்பது பேராசிரியர்களுக்கு மெயில் அனுப்பியும் பதில் வரவில்லை, எப்படி எழுதுவது?

"தென் மாவட்டத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆறு மாத ப்ராஜெக்டுக்கு இடம் கேட்டு, முடிந்தால் பிறகு பி.எச்டி.யும் அங்கேயே செய்யும் ஆசையில், நாற்பது பேராசிரியர்களுக்கு மெயில் போட்டேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. சிறிய கல்லூரி என்ற வருத்தமும், ஆங்கிலத்தில் எழுதப் பயமும் இருக்கின்றன. நல்ல மாதிரிக் கடிதம் இருந்தால் கொடுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது மாதிரிக் கடிதம். ஆனால் உங்களைக் குடைவது வேறு கேள்வி என்று நினைக்கிறேன். பெரிய கல்லூரிப் பெயர் கிடையாது, சிபாரிசு செய்ய ஆள் கிடையாது. முன்பின் பார்த்திராத ஒரு பேராசிரியர் என்னை எதை வைத்து நம்புவார்? அதற்குத்தான் பதில் சொல்கிறேன். மாதிரிக் கடிதம் தரப்போவதில்லை. ஏற்கெனவே நீங்கள் அனுப்பிய நாற்பதும் ஏதோ ஒரு மாதிரியைப் பார்த்து எழுதியவைதான் என்பது என் ஊகம்.

பொதுத்துறை ஆய்வு நிறுவனம் ஒன்றில் பல ஆண்டுகளாக நுண்ணுயிரியல் ஆய்வுக் குழு நடத்துகிறேன். மாணவர் சேர்க்கைக் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் உயிரியல் ஆய்வகங்களைப் பற்றி, குறிப்பாக நம் நாட்டு ஆய்வகங்களைப் பற்றி, தைரியமாகச் சொல்வேன். கணிதம், கோட்பாட்டு இயற்பியல், வரலாறு போன்ற துறைகளில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே 'லேப்' என்ற அமைப்பே வேறு மாதிரி.

முதலில், உங்கள் மெயில் வந்து சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பெரும்பாலும் அதை ஃபோனில்தான் பார்ப்போம். பெயர், சப்ஜெக்ட் லைன், முதல் வரியில் பாதி, அவ்வளவுதான் கண்ணில் படும். அந்தப் பாதி வரியில் 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பெருமைமிகு நிறுவனத்தில்' என்று இருந்தால் மீதி என்ன என்று திறக்காமலே தெரிந்துவிடும். ஏனென்றால் அதே வாரத்தில் அதே வரி வேறு பலரிடமிருந்தும் வந்திருக்கும். திறந்து பார்த்தால் பேராசிரியரின் பெயரும் கட்டுரைத் தலைப்பும் மட்டும் வேறு எழுத்துருவில் இருக்கும், வெட்டி ஒட்டியது அப்பட்டமாகத் தெரியும். பெண் பேராசிரியர்களுக்கு 'டியர் சார்' என்று வரும். பக்கத்து அறை நண்பருக்கும் எனக்கும் ஒரே கடிதம் வந்திருப்பது டீ குடிக்கும்போது தெரியவரும். இவற்றுக்குப் பதில் போடாததற்கு அலட்சியம் காரணமில்லை. பதில் சொல்வதற்கு அந்தக் கடிதத்தில் ஒன்றுமே இருக்காது. 'உங்கள் லேபில் சேர ஆர்வமாக இருக்கிறேன்' என்பதற்கு என்ன பதில் எழுதுவது?

பதில் வாங்கும் கடிதம், பதில் சொல்லத் தூண்டும் ஏதோ ஒன்றைத் தன்னிடம் வைத்திருக்கும். அந்த ஒன்று படிப்பிலிருந்துதான் வரும். எழுத்து நடையால் அதை வரவழைக்க முடியாது. ஆகவே நாற்பது பேரை நான்கு பேராகக் குறையுங்கள். நான்கு பேரின் பேப்பர்களில் ஆளுக்கு ஒன்றையாவது முழுதாக, படங்களோடு, செய்முறைப் பகுதியோடு படியுங்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு எழுதினால் இரண்டே வாக்கியத்தில் தெரிந்துவிடும். முதல் பேப்பருக்கு ஒரு வாரம் ஆகும், பாதி புரியாது. பரவாயில்லை, புரியாத இடத்தில்தான் கேள்வி பிறக்கும்.

பேப்பர் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். பப்மெட், கூகுள் ஸ்காலர் என்ற இரண்டு தேடுதளங்களிலும் பேராசிரியரின் பெயரைப் போட்டுத் தேடி, கடைசி இரண்டு மூன்று ஆண்டுக் கட்டுரைகளைப் பாருங்கள். 2012இல் வந்த பேப்பரைப் புகழ்ந்து எழுதுகிறார்கள், அந்த வேலையை லேப் எப்போதோ கைவிட்டிருக்கும். காசு கட்டினால்தான் திறக்கும் என்றால், அதே கட்டுரையின் முன்பதிப்பு (இதழில் வருவதற்கு முந்தைய வடிவம்) பயோஆர்கைவ் தளத்தில் இலவசமாக இருக்கிறதா என்று பாருங்கள். உயிரியலாளர்கள் 2013இலிருந்து அங்கே கட்டுரைகளைப் போட்டு வருகிறோம். உங்களுடையது அரசுக் கல்லூரி என்பதால் இன்னொரு வழியும் உண்டு. 2025 ஜனவரியில் மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் நடைமுறைக்கு வந்தது. முப்பது பெரிய பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்கள் மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களுக்கு அதில் திறந்துவிடப்படுகின்றன. உங்கள் கல்லூரி பதிவு செய்திருக்கிறதா என்று நூலகரிடம் போய்க் கேளுங்கள். செய்யவில்லை என்றால் செய்யச் சொல்லுங்கள், உங்களுக்குப் பின்னால் வருபவர்களுக்கும் உதவும். எதுவுமே நடக்கவில்லையா, கட்டுரை ஆசிரியருக்கே 'பி.டி.எஃப். அனுப்ப முடியுமா' என்று இரண்டு வரி எழுதுங்கள். அநேகமாக அனுப்புவார்கள். ஒருவர் நம் பேப்பரைப் படிக்கக் கேட்கிறார் என்பதே எங்களுக்குச் சந்தோஷம்தான்.

சரி, படித்ததைக் கடிதத்தில் எப்படிக் காட்டுவது? ஓர் உதாரணம் சொல்கிறேன். நீங்கள் எழுதப்போவது ஆங்கிலத்தில்தான், சாரத்தை மட்டும் தமிழில் தருகிறேன். ஒரு லேப், நோயாளிகளுக்குப் பொருத்தும் சிறுநீர்க் குழாய்களில் பாக்டீரியாக்கள் பயோஃபிலிமாக, அதாவது ஒட்டிக்கொள்ளும் படலமாக, படர்வதையும் அதைத் தடுக்கக் குழாயில் பூசும் ஒரு பூச்சையும் ஆராய்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான கடிதம் 'பயோஃபிலிம் குறித்த தங்களின் சிறப்பான ஆய்வுகள் என்னை வெகுவாகக் கவர்ந்தன' என்று நின்றுவிடும். படித்தவர் எழுதினால் இப்படி வரும்: 'உங்கள் கட்டுரையின் மூன்றாவது படத்தில் புரோட்டியஸ் மிராபிலிஸை எல்.பி. ஊடகத்தில் வளர்த்து, அந்தப் பூச்சு பயோஃபிலிமைக் குறைக்கிறது என்று காட்டியிருக்கிறீர்கள். இந்த பாக்டீரியாவின் யூரியேஸ் நொதி சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்குவதால் பி.எச். ஏறி, ஸ்ட்ருவைட் படிகங்கள் படிந்து குழாய் அடைபடுகிறது என்று படித்தேன். எல்.பி.யில் யூரியா சேர்ப்பதில்லையே. செயற்கைச் சிறுநீரில் வளர்த்தால், படிகங்கள் படிந்த பிறகும் அந்தப் பூச்சு வேலை செய்யுமா?'

இதைப் படிக்கும் பேராசிரியர் பதில் போடாமல் இருப்பது கஷ்டம். ஒருவேளை அந்தச் சோதனையைச் செய்து பின்னிணைப்பில் போட்டிருப்பார், நீங்கள் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. மூன்றாவது படம்வரை போயிருக்கிறீர்கள், ஊடகம் எது என்று பார்த்திருக்கிறீர்கள், வேறு எங்கோ படித்ததை இதோடு சேர்த்து யோசித்திருக்கிறீர்கள் என்பது தெரிகிறது. லேபில் சேர்ந்தபின் ஒரு மாணவர் தினமும் செய்ய வேண்டிய வேலையே அதுதான். ஒன்று மட்டும் கவனம்: புத்திசாலித்தனத்தைக் காட்டுவதற்காகக் குற்றம் கண்டுபிடிக்காதீர்கள். கேள்வி எதுவும் வரவில்லை என்றால், 'இந்தப் பகுதி எனக்குப் புரியவில்லை, நான் புரிந்துகொண்டது இது, சரியா' என்று எழுதினாலும் போதும். அதுவும் உண்மையான கேள்விதான்.

அடுத்தது, உங்களைப் பற்றிய பத்தி. இங்கேதான் நம் மாணவர்கள் தங்களுக்குத் தாங்களே குழி பறிக்கிறார்கள். சி.வி.யில் 'தெரிந்த தொழில்நுட்பங்கள்' என்று இருபது பெயர்கள் இருக்கும்: பி.சி.ஆர்., 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. சீக்குவென்சிங், எஸ்.டி.எஸ். பேஜ், எச்.பி.எல்.சி. நேர்காணலில் நான் ஒன்றை எடுத்துக் கேட்பேன், "சீக்குவென்சிங் செய்தீர்களே, எந்த ப்ரைமர் ஜோடி?" அமைதி. "மேடம், கல்ச்சரை கம்பெனிக்கு அனுப்பினோம், அவங்க ரிப்போர்ட் கொடுத்தாங்க." கம்பெனிக்கு அனுப்பியதில் தவறே இல்லை, நாங்களும் அனுப்புகிறோம். 27எஃப், 1492ஆர் என்று ப்ரைமர் பெயரை ஒப்பிக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கவில்லை. செய்யாததைச் செய்ததாக எழுதியதுதான் சிக்கல். ஒன்று அப்படி என்று தெரிந்துவிட்டால் மீதிப் பத்தொன்பதையும் யாரும் நம்ப மாட்டார்கள், உண்மையிலேயே கைவந்ததைக்கூட.

அதே மாணவி இப்படி எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்: 'ஊர்க் குளத்து நீரிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, முல்லர் ஹின்டன் அகாரில் டிஸ்க் டிஃப்யூஷன் முறையில் நுண்ணுயிர்க்கொல்லி எதிர்ப்பைப் பார்த்தேன். ஆரம்பத்தில் ஒரே பாக்டீரியாவுக்கு ஒவ்வொரு முறையும் பாக்டீரியா வளராத வட்டம் வேறு வேறு அளவில் வந்தது. 0.5 மெக்ஃபர்லாண்ட் அளவுக்குக் கலங்கலைச் சரிபார்க்காமல் தடவியதுதான் காரணம் என்று கண்டுபிடித்துத் திரும்பச் செய்தேன். இனம் கண்டறியும் சீக்குவென்சிங்கை ஒரு தனியார் நிறுவனம் செய்தது. வந்த வரிசையை பிளாஸ்ட்டில் ஒப்பிட்டது நான்.' விலை உயர்ந்த கருவி ஒன்றுகூட இதில் இல்லை. ஆனாலும் இவருக்கு ஒரு பிளேட்டில் எது தப்பாகப் போகும் என்று தெரிகிறது, தப்பாகப் போனதை விட்டுவிடாமல் பின்தொடரத் தெரிகிறது. எச்.பி.எல்.சி. இயக்க லேபில் ஒரு வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம், இந்தக் குணத்தைக் கற்றுக்கொடுக்க முடியாது. சிறிய கல்லூரியில் படிப்பதைப் பற்றி நீங்கள் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். எளிய சோதனையை இப்படிச் சொல்லத் தெரிந்தால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. தெரியவே தெரியாது என்று சொன்னால் பொய். கல்லூரிப் பெயரைப் பார்ப்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களை உங்கள் கடிதம் மாற்றிவிடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

மதிப்பெண்ணை உள்ளபடி போடுங்கள். ஏதாவது ஒரு செமஸ்டரில் சறுக்கியிருந்தால் கடிதத்தில் விளக்கம் தேவையில்லை, கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். காசு கட்டினால் ஒரே வாரத்தில் பேப்பர் போட்டுத் தரும் இதழ்களில் உங்கள் பெயரில் கட்டுரை வர வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எங்கள் பார்வையில் அது இல்லாமல் இருப்பதைவிட மோசம்.

ஆங்கிலம் பற்றிய பயத்தையும் உங்கள் கேள்வியில் பார்த்தேன். முதலில் நீங்கள் சொல்ல நினைப்பதைத் தமிழில் எழுதுங்கள், அல்லது நண்பரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அதைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக்குங்கள். இலக்கணப் பிழைக்காக ஒரு நல்ல கடிதத்தை ஒதுக்கிய சக ஆய்வாளரை நான் பார்த்ததில்லை. இப்போது சாட்ஜிபிடி மாதிரியான கருவிகளிடம் கடிதத்தையே எழுதி வாங்கி அனுப்புவது பெருகிவிட்டது. வழவழவென்று இருக்கும், எல்லாரிடமிருந்தும் ஒரே குரலில் வரும். எழுதி முடித்ததில் பிழை திருத்த அதைப் பயன்படுத்தினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. பேப்பரைப் படிக்கும் வேலையை அதனிடம் ஒப்படைத்தால் நேர்காணலில் இரண்டாவது கேள்விக்கே மாட்டிக்கொள்வீர்கள். எங்கள் குழுவில் யாராவது நன்றாக எழுதியிருந்தால் பதினைந்து நிமிடம் வீடியோ காலில் பேசுவோம். அங்கே கேட்பது பெரும்பாலும் கடிதத்தில் நீங்களே எழுதிய அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

நீங்கள் இரண்டு வேறு விஷயங்களை ஒரே மெயிலில் கேட்டிருக்கிறீர்கள். ஆறு மாத ப்ராஜெக்டும் பி.எச்டி.யும் ஒரே வாசல் வழியாக நடப்பவை அல்ல. எம்.எஸ்சி. டெசர்டேஷனுக்கு, அதாவது அந்த ஆறு மாத ப்ராஜெக்டுக்கு, மாணவரை எடுப்பதில் பேராசிரியரின் விருப்பத்துக்குத்தான் அதிக எடை. நிறுவனத்தின் அனுமதி வேண்டும், உங்கள் துறைத்தலைவரின் கடிதம் வேண்டும், ஆனால் முடிவு அவருடையது. இங்கே உங்கள் மெயில் நேரடியாக வேலை செய்யும். ப்ராஜெக்ட் அசோசியேட், ப்ராஜெக்ட் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) மாதிரியான சம்பளப் பணியிடங்களுக்கு நிறுவனத்தின் இணையதளத்தில் விளம்பரம் வந்தாக வேண்டும், நேர்காணல் நடந்தாக வேண்டும். மெயில் அனுப்பினால் 'அடுத்த விளம்பரம் எப்போது' என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவுதான். பி.எச்டி.க்கு நெட், கேட் என்ற தேசியத் தேர்வுகள் அல்லது நிறுவனத்தின் சொந்தத் தேர்வு, அப்புறம் நேர்காணல். பேராசிரியர் நினைத்தாலும் இதைத் தாண்டி உங்களைச் சேர்க்க முடியாது. 'சீட் கொடுங்கள்' என்று கேட்டால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. 'வரும் ஆண்டில் உங்கள் குழுவில் இடம் காலியாகுமா' என்று கேட்டால் பதில் சொல்லலாம். நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் சி.எஸ்.ஐ.ஆர். அல்லது யு.ஜி.சி. ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை உங்கள் கையில் இருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். 2023 ஜனவரியிலிருந்து மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உங்களோடு வருகிறது, லேப் தன் நிதியில் தேட வேண்டியதில்லை. நம் ஊரில் பல கடிதங்களில் இது கடைசிப் பத்தியில் ஒளிந்து கிடக்கிறது.

வெளிநாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெர்மனியில் பி.எச்டி. இடங்கள் பலவும் வேலைவாய்ப்பாகவே விளம்பரம் ஆகும். பேராசிரியரின் முடிவுக்கு அங்கே நிறைய எடை உண்டு, மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்களின் பி.எச்டி. பள்ளிகள் போன்ற இடங்களில் பொது விண்ணப்பமும் உண்டு. அமெரிக்காவில் உயிரியல் துறைகள் பெரும்பாலும் குழு வைத்துத் தேர்ந்தெடுத்து, முதல் ஆண்டில் மாணவர்களைச் சில லேப்களில் சுழற்சியாக வேலை செய்ய விட்டு, பிறகுதான் கைடை முடிவு செய்கின்றன. அங்கே ஒரு பேராசிரியருக்கு எழுதும் கடிதம் உங்களை அறிமுகப்படுத்தும், சேர்த்துவிடாது.

மற்றதெல்லாம் சில்லறை விஷயங்கள். சப்ஜெக்ட் லைனில் என்ன வேண்டும், எப்போதிலிருந்து எப்போது வரை என்று இருக்கட்டும்: 'எம்.எஸ்சி. டெசர்டேஷன், டிசம்பர் முதல் மே வரை, புரோட்டியஸ் பயோஃபிலிம் பற்றி' என்கிற மாதிரி. ஃபோனில் இரண்டு முறை தள்ளினால் முடிந்துவிடும் நீளம் போதும். சி.வி.யும் மதிப்பெண் பட்டியலும் ஒரே பி.டி.எஃப்.பில், உங்கள் பெயரே கோப்பின் பெயராக. லேபின் இணையப் பக்கத்தில் 'எங்களோடு சேர' என்று ஒரு பகுதி இருக்கும், அதைக் கட்டாயம் படியுங்கள். சிலர் சப்ஜெக்டில் குறிப்பிட்ட சொல்லைப் போடச் சொல்லியிருப்பார்கள், யார் படித்துவிட்டு எழுதுகிறார் என்று பார்ப்பதற்காகத்தான். அதே பக்கத்தில் இருக்கும் பி.எச்டி. மாணவர்களுக்கும் எழுதலாம். இடம் இருக்கிறதா, கைடு எப்படி, ஆண்டுக்கு எத்தனை பேரை எடுக்கிறார் என்பதை அவர்களைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது, பதிலும் சீக்கிரம் வரும்.

எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு அனுப்பினால் பதில் வரும் என்றெல்லாம் சிலர் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு வாரம் கழித்து அதே மெயிலின் தொடர்ச்சியாக ஒருமுறை நினைவூட்டலாம், பயணத்தில் விட்டுப்போனவற்றுக்கு நானே அப்படித்தான் பதில் போட்டிருக்கிறேன். அதற்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். காரணம் உங்கள் கடிதமாக இல்லாமலும் இருக்கலாம். ப்ராஜெக்ட் நிதி முடிந்திருக்கும், லேபில் உட்கார இடமில்லாமல் இருக்கும், ஏற்கெனவே ஆள் எடுத்திருப்பார்கள். நல்ல கடிதத்துக்கும் 'இப்போது முடியாது' என்று நான் பலமுறை எழுதியிருக்கிறேன். அப்படி எழுதும்போது பெரும்பாலும் வேறு ஒரு லேபின் பெயரையும் சேர்த்தே சொல்வேன். அந்தப் பதில் உங்களுக்கு வந்தால் அன்றே அங்கே எழுதுங்கள், யார் சொல்லி எழுதுகிறீர்கள் என்பதையும் சேர்த்து.

கடைசியாகப் பணம். டெசர்டேஷன் மாணவர்களிடம் பயிற்சிக் கட்டணம் வாங்கும் நல்ல நிறுவனங்களும் உண்டு. அது இணையதளத்தில் அறிவித்த தொகையாக இருக்கும், நிறுவனத்தின் கணக்கில் கட்டி ரசீது வாங்குவீர்கள். தனி ஆள் கணக்குக்கு அனுப்பச் சொன்னாலோ, 'இன்டர்ன்ஷிப் சான்றிதழ் உறுதி' என்று ஏஜென்சி பேசினாலோ அந்தப் பக்கமே போகாதீர்கள். கட்டணம் உங்கள் வீட்டால் தாங்காது என்றால், இடம் உறுதியானதும் பேராசிரியரிடம் நேராகச் சொல்லிச் சலுகை உண்டா என்று கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். இதைப் படிக்கும் முதலாண்டு மாணவர்கள் இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். வழக்கமாக முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில் அறிவிப்பு வரும். தேர்வானால் இரண்டு மாதம் ஒரு லேபில் வேலை, உதவித்தொகை, ரயில் கட்டணம் எல்லாம் கிடைக்கும். அதற்கும் என்ன செய்ய ஆசை என்று ஒரு சிறு குறிப்பு எழுதித் தர வேண்டும், மேலே சொன்னபடியே எழுதுங்கள்.